பீனா நின்ற இடம் வரை

தில்லைநாயகி சட்டென்று குனிந்து, தரையில் கல் பொறுக்குவதுபோலக் கையை நீட்டினாள். யாழ்ப்பாணத்தில் நாய்க்கு இதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது. கல் இருக்கவேண்டும் என்றும் இல்லை. ஆள் குனிந்தால் போதும், எந்தத் தெருநாயும் வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடிவிடும். இருபத்தொரு வருடம் விடியற்காலையில் பஸ்ஸுக்கு நடந்துபோனவள் கண்ட உண்மை அது.

இந்த நாய் ஓடவில்லை. வெள்ளை உடம்பில் செம்மஞ்சள் திட்டுகள், கன்றுக்குட்டி அளவு உயரம், கன்னத்துக்குக் கீழே தொங்கும் காதுகள், யாரோ பெரியவருடைய சட்டையை மாட்டிவிட்டதுபோலத் தொளதொளத்த தோல். அது ஆறுதலாக நடந்து வந்து, அவள் கை இருந்த இடத்தில் தன் மூக்கையும் கொண்டுவந்து வைத்தது. கீழே என்ன கிடக்கிறது என்று தானும் தேடியது. ஒன்றும் இல்லை என்று கண்டதும் அவள் முகத்தைப் பார்த்தது.

“சீ, அடிக்! அடிக்!” என்று கத்தினாள் தில்லைநாயகி.

நாயின் முகம் விழுந்தது. அப்படித்தான் சொல்லவேண்டும். நெற்றித் தோல் சுருங்கிக் கண்களுக்கு மேலே இறங்க, அது திரும்பிப்போய் மேசைக்குக் கீழே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. இரண்டு நாள் சாப்பாட்டைத் தொடவில்லை.

சக்கர நாற்காலியில் இருந்த கிழவர் நல்ல கையால் கைப்பிடியில் அடித்தார். “எக்கோ! எக்கோ!”

அது 1987ஆம் ஆண்டு, பெப்ரவரி மாதம். சுவிஸில், பேர்ன் நகரை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் வயல் தொடங்கும் இடத்துக் கடைசி வீடு. வீட்டுக்காரர் பெத்ரீனி, எழுபத்துநான்கு வயது, ரயில்வேயில் தண்டவாள மேற்பார்வை செய்து இளைப்பாறியவர். சுவிஸின் தெற்கே, இத்தாலி மொழி பேசும் திச்சினோவில் பிறந்து, வேலைக்காக வடக்கே வந்து, வந்த இடத்திலும் வேட்டையை விடாதவர். டிசம்பரில் வந்த பாரிசவாதம் வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல். எக்கோ. அவர்களுடைய மொழியில் ‘இதோ’ என்று பொருளாம். தண்ணீருக்கும் எக்கோ, கோபத்துக்கும் எக்கோ, கழிவறைக்குப் போகவேண்டும் என்றாலும் எக்கோ. மூன்றாம் நாளே தில்லைநாயகி தொனியை வைத்து எல்லாவற்றையும் பிரித்தறியப் பழகிவிட்டாள். ஊர் ஆஸ்பத்திரி வார்ட்டில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவள். பள்ளிக்கூடத்துச் சட்டம்பியார், வாத்தியார், ஒருவருக்கு மிஞ்சியது ஒரு தூஷண வார்த்தை மட்டும். அவரோடு பார்த்தால் இவர் எவ்வளவோ மேல்.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. புருஷன் போய் ஒன்பது வருடம். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் குளிப்பாட்டித் துடைத்துப் புரட்டிப் படுக்கவைக்கும் வேலை. 85இல் தம்பி பாலசிங்கத்தின் பின்னால் சுவிஸுக்கு வந்தாள். முதல் ஒரு வருடம் டாவோஸில் ஒரு ஹோட்டலின் நிலவறைச் சமையலறையில் கோப்பை கழுவி முழங்கால் இரண்டையும் கெடுத்துக்கொண்டாள். பாலசிங்கம் பேர்ன் ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை. அங்கே ஆய்வுகூடத்தில் இருந்த கார்லா என்பவள், “என் அப்பாவைப் பார்க்கப் பகல்நேரத்துக்கு ஒரு ஆள் வேண்டும், நோயாளியைத் தூக்கத் தெரிந்த ஆள்” என்று கேட்டபோது அவன் அக்காவைச் சொன்னான். நாய் இருப்பதைச் சொல்லவில்லை.

“சொன்னால் நீ வந்திருக்கமாட்டாய்,” என்றான் பிறகு.

“ஓம், வந்திருக்கமாட்டன். அது வீட்டுக்குள்ள படுக்குதடா!”

அவனுடைய மனைவி சிவமலருக்கு அதைவிடப் பெரிய கவலை. “மச்சாள், கோவிக்காதேங்கோ. வந்தவுடன் குளிச்சிட்டுத்தான் அடுப்படிக்குள்ள வாறது. சாமிப்படம் இருக்கிற வீடு.”

“வைரவரின்ர வாகனமடி அது.”

“வைரவர் அதை வெளியிலதானே மச்சாள் கட்டி வச்சிருக்கிறார்.”

வேலை தொடங்கிய வாரத்திலேயே கெமைண்டிலிருந்து, அதாவது உள்ளூராட்சி அலுவலகத்திலிருந்து, திருமதி எக்லி என்ற பெண் வந்தாள். நல்ல பெண், சுற்றி வளைக்காமல் சொன்னாள். மே நடுவில் ஒரு வைத்தியரோடு வருவேன். இவர் தானாக எழுந்து, கைத்தடியோடு தோட்டத்துப் படலை வரை போய் வரவேண்டும். போக இருபது காலடி, வர இருபது. முடியாவிட்டால், ஜூனில் பராமரிப்பு இல்லத்தில் ஓர் அறை இருக்கிறது. அங்கே நாய் எடுக்கமாட்டார்கள். கார்லாவின் வீடு மூன்றாம் மாடியில்; அவளாலும் முடியாது. நாயை எடுக்கத் திச்சினோவில் யாரையாவது தேடவேண்டும்.

பெத்ரீனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். விளங்கியது. ஆனால் உடற்பயிற்சிக்காரி வாரம் இரண்டு தடவை வந்து எழுப்பினால், தானியச் சாக்குப்போல் கனத்துக்கொண்டு எழும்ப மறுத்தார். காலில் பலம் இருந்தது. தில்லைநாயகி அவரை இடுப்பில் பிடித்துக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அதைக் கண்டுபிடித்துவிட்டாள். மனம்தான் இல்லை. நடந்து எங்கே போவது என்ற முகம். இந்த வியாதிக்கு மருந்து எழுதும் டாக்குத்தரை அவள் இன்னும் காணவில்லை.

நாய் பட்டினி கிடந்த மூன்றாம் நாள் காலை அவள் பாணில் சூப்பை ஊற்றி, தரையில் இருந்துகொண்டு, நாயைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் கதைத்தாள். வார்ட்டில் சாப்பிட மறுக்கும் ஆச்சிமாருக்குச் செய்கிற வேலை. “ஏன் இப்ப முகத்தைத் தூக்கி வச்சிருக்கிறாய்? நான் என்ன உன்னை அடிச்சனானோ? ஒரு சொல்லுச் சொன்னன். அதுக்கு இரண்டு நாள் பட்டினியோ?” நாய் வந்து சாப்பிட்டது. பிறகு தன் முழுப் பாரத்தையும் அவள் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றது. வாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு வீணீர் தொங்கியது. அதன் பெயர் பீனா என்று அன்றுதான் கழுத்துப் பட்டியில் வாசித்தாள்.

மார்ச் மாதத்தில் இரண்டாவது பிழை நடந்தது. வெயில் எறித்த ஒரு காலை, கிழவரைக் கதவடியில் இருத்திவிட்டு அவள் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பீனா தோட்டத்தின் நடுவே மூன்று காலில் நின்றது. முன்னங்கால் ஒன்று மடிந்து மேலே, வால் நேராக, உடம்பில் ஒரு மயிரும் அசையவில்லை. முள் ஏறிவிட்டது என்றுதான் தில்லைநாயகி நினைத்தாள். வேறு எதற்காக ஒரு மிருகம் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும்? ஓடிப்போய், தூக்கிய காலைப் பிடித்து, விரலிடுக்கெல்லாம் பிரித்துப் பார்த்தாள். பக்கத்துப் பற்றைக்குள்ளிருந்து ஒரு பறவை படபடவென்று எழுந்து போனது. நாய் அவளைப் பார்த்த பார்வையில் அவ்வளவு ஏமாற்றம்.

“எக்கோ!” என்று பின்னால் ஒரு சத்தம். அந்தத் தொனியை அவள் இதற்கு முன் கேட்டதில்லை. திரும்பினாள்.

பெத்ரீனி நின்றுகொண்டிருந்தார். இடது கையால் கதவுநிலையைப் பிடித்தபடி, கோபத்தில் சிவந்து, நின்றார். அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. முழங்காலைப் பார்த்தாள். முழங்கால் பூட்டி, நேராக இருந்தது.

சனிக்கிழமை கார்லா வந்தபோது தில்லைநாயகி விடவில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரி ஆங்கிலம். கார்லாவுக்குப் பள்ளிக்கூட ஆங்கிலம். இரண்டும் சேர்ந்தால் காரியம் நடக்கும்.

“இது ஏன் காலைத் தூக்கிக்கொண்டு நிக்குது?”

கார்லா சிரித்தாள். “பறவை இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. அதுதான் அதன் தொழில். பிராக்கோ இத்தாலியானோ என்று இந்த இனத்துக்குப் பெயர். வட இத்தாலியில் மிகப் பழைய இனம். பழைய சுவர்ச் சித்திரங்களில் இதே காது, இதே முகம்.”

“பிடிக்காதோ?”

“பிடிக்காது. துவக்கு, வெடிமருந்து எல்லாம் வருவதற்கு முன்பே இந்த வேட்டை இருந்தது. நாய் மணம் பிடித்துப் போய் நிற்கும். பறவை புல்லுக்குள் பதுங்கிக் கிடக்கும். ஆட்கள் பின்னால் மெல்ல வந்து வலையை விரித்து மூடுவார்கள்.”

“நாய் முன்னால நிக்குமே. அதின்ர மேலயும் வலை விழாதோ?”

“சில வேளை விழும்.”

“பேசாமல் நிக்குமோ?”

“நிற்கும்.”

தில்லைநாயகி மேசைக்குக் கீழே கிடந்த மிருகத்தை இன்னொருமுறை பார்த்தாள். தலையில் வலை விழுந்தாலும் பேசாமல் நிற்பதற்கு ஒரு மனம் வேண்டும். அவளுக்குத் தெரிந்த மனிதர்களில் அப்படி இரண்டு பேர்கூடத் தேறமாட்டார்கள்.

கார்லா சொல்லிக்கொண்டு போனாள். துவக்கு வந்தபிறகும் இந்த நாய்க்கு வேலை இருந்ததாம். பிறகு இங்கிலாந்திலிருந்து வேகமான நாய்கள் வந்தன. பாய்ந்து ஓடும் நாய்கள். இதுவோ குதிரை வண்டிபோலத் துள்ளுநடையில் போகும். எல்லோரும் வேகத்துக்குப் பின்னால் போக, இந்த இனம் அழியும் நிலைக்கு வந்தது. லொம்பார்டிப் பக்கத்தில் கனத்த உடம்பு வகை ஒன்று, பியெமோந்தே மலைப்பக்கத்தில் மெலிந்த வகை ஒன்று. விடாப்பிடியான சிலர் இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றினார்கள். 1949இல் லோதி என்ற ஊரில் அதற்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். அந்த ஊர்ப்பக்கத்தில்தான் அப்பா பீனாவைக் குட்டியாக வாங்கினார்.

“சத்தம் போட்டு வளர்க்க முடியாது,” என்றாள் கார்லா. “ஒரு தடவை அப்பா அடித்தார். ஒரு மாதம் வேட்டைக்கு வராததுபோலத்தான். வந்தது, ஆனால் மூக்கைத் திறக்கவில்லை.”

“ஆள் வரும்வரைக்கும் அசையாதோ?”

“அசையாது.”

“வராட்டில்?”

கார்லா யோசித்தாள். “அப்பா வராமல் இருந்ததில்லை. நாய் நிற்கும்போது போகாமல் இருப்பது வேட்டைக்காரருக்குப் பெரிய அவமானம். மழையோ, காய்ச்சலோ, போகவேண்டும்.”

தில்லைநாயகி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். மருந்து எழுதும் டாக்குத்தரைக் கண்டாயிற்று. நாலு காலில் நின்றது.

திங்கட்கிழமை பக்கத்து வீட்டுத் திருமதி ட்சவ்கிடம் ஒரு கோழி இரவல் கேட்டாள். பேச்சு மொழி பற்றாதபடியால் கோழியைச் சுட்டி, நாயைச் சுட்டி, பெத்ரீனியைச் சுட்டி, நடந்து காட்டினாள். திருமதி ட்சவ்க் கொஞ்சம் பயந்துபோய்க் கோழியைக் கொடுத்தாள். கோழியை மூடிய கூடையில் வைத்து, கதவிலிருந்து ஆறு காலடியில் செடிக்குப் பின்னால் மறைத்தாள். நாயை அவிழ்த்துவிட்டாள்.

பீனா போய், நின்றது. கால் மேலே போனது.

கிழவர் கூடையைப் பார்த்தார். கோழி என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? உள்ளே அது கொக்கரித்துக்கொண்டே இருந்தது. ஆனால் நாய் நிற்கிறதே. அவர் தில்லைநாயகியை ஒரு பார்வை பார்த்தார். கைத்தடிக்கு இடது கையை நீட்டினார்.

அவள் அவருடைய வலப்பக்கத்தில், அரைக் காலடி பின்னால், தொடாமல், விழுந்தால் தாங்கும் தூரத்தில் கையை வைத்தபடி போனாள். ஆறு காலடி. அடுத்த நாள் எட்டு. மருந்தைக் கூட்டுவதுபோலக் கூடையைத் தள்ளித் தள்ளி வைத்தாள். பதினொன்று. பதினைந்து. ஒரு நல்ல நாளில், நடுவில் கதிரை போட்டு இளைப்பாறி, போக வர இருபத்தாறு.

“கோழியை வச்சு மனுசனை நடத்துறாவாம்,” என்று பாலசிங்கம் வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தான். “அக்கா, சமைக்கிற சாமானை ஏன் வீணாக்கிறாய்?”

“நீ வாயை மூடு. உன்னை நடத்த ஆட்டையெல்லோ கட்டவேணும்.”

“மச்சாள், குளிச்சிட்டியளோ?” என்றாள் சிவமலர், அகப்பையும் கையுமாக.

ஏப்ரல் கடைசியில் எல்லாம் நின்றுபோனது. பீனா கூடைவரை போனது, முகர்ந்தது, தில்லைநாயகியை நிதானமாகத் திரும்பிப் பார்த்தது, கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தது. இத்தனை கிழமையாக எழுந்து பறக்காத பறவைக்கு இனி மரியாதை கிடையாது என்று முடிவு செய்துவிட்டது. அவள் சேவலை வைத்துப் பார்த்தாள். ஒரு நாள் வேலை செய்தது. இடத்தை மாற்றினாள். கொட்டாவி விட்டது. மொக்கு நாயாக இருந்திருந்தால் கிழவர் பிழைத்திருப்பார் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அதேநேரம், எத்தனையாவது நாளில், எதைக் கண்டு, அது அவளுடைய தந்திரத்தைப் பிடித்தது என்று அறியவும் ஆசையாக இருந்தது. பறக்காததாலா? கூடையில் தன் கை மணத்தாலா? கேட்டால் சொல்லுகிற பிராணி அல்ல.

நாய் நிற்காவிட்டால் கிழவரும் எழும்புவதில்லை. சாக்கு மறுபடி சாக்கானது.

மே மாதம், ஒரு வியாழக்கிழமை, திருமதி எக்லி இளம் வைத்தியர் ஒருவரோடு வந்தாள். கார்லாவும் லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். வைத்தியர் கையை மடக்கினார், காலைத் தட்டினார், “எழும்புங்கள் பார்க்கலாம்” என்றார். பெத்ரீனி ஜன்னலைப் பார்த்தார். கார்லா இத்தாலியில் கெஞ்சினாள். தில்லைநாயகி தமிழில் வெருட்டினாள்: “ஐயா, எழும்புங்கோ. இண்டைக்கு ஒருநாள் எழும்புங்கோ. நாளைக்குப் படுங்கோ, நான் கேக்கமாட்டன்.” ஒன்றும் நடக்கவில்லை. வைத்தியர் பேனாவை எடுத்தார்.

பீனா கதவைப் பிறாண்டியது. அதற்கு வெளிக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். இந்த நேரத்தில் இதுவும் ஒன்று என்று தில்லைநாயகி கதவைத் திறந்துவிட்டாள். வைத்தியர் வந்தபோது படலையைச் சாத்தாமல் விட்டிருந்தார். நாய் தன் துள்ளுநடையில், தலையை உயர்த்திக்கொண்டு, தோட்டத்தைத் தாண்டி, படலையைத் தாண்டி, முழங்கால் உயரப் புல் வளர்ந்திருந்த வயலுக்குள் போனது. போனது, வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது, நின்றது. கால் மேலே வந்தது.

அங்கே கூடை இல்லை. அதை முதலில் கண்டவர் பெத்ரீனி.

“எக்கோ,” என்றார். மிகவும் மெதுவாக. கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

தில்லைநாயகி பாய்ந்து தன் இடத்தைப் பிடித்தாள்: வலப்பக்கம், அரைக் காலடி பின்னால். படி ஒன்று. கல் பாவிய பாதை. பதினான்கு, பதினைந்து. இருபதில் படலை வந்தது. திருமதி எக்லி, “போதும், போதும், நான் நாயைக் கூட்டிவருகிறேன்” என்று முன்னால் வந்தாள்.

“நைன்!” என்றாள் தில்லைநாயகி. அவளுக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்களில் இன்னொன்றையும் தேடிப் பிடித்தாள். “வார்ட்டன்!” பொறுங்கள்.

அந்தப் பெண் நின்றுவிட்டாள்.

படலையில் அவர் இளைப்பாறினார். புல்லுக்குள் கால் இழுபட்டது. முப்பத்தொன்பது, நாற்பது. வேர்வை நாடியில் சொட்டியது. நாற்பத்தேழில் நின்று கைத்தடியின் மேல் கவிழ்ந்துகொண்டார். முகத்தைப் பார்த்தாள். நிறம் பரவாயில்லை, உதடு நீலமில்லை. போகலாம். நாய் திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கிய காலை இறக்கிவிட்டிருந்தது. மற்றபடி சுவரில் வரைந்ததுபோல நின்றது. மனிதர் வருகிறார் என்று அது எப்படி அறிந்தது? மூச்சாலா, கைத்தடிச் சத்தத்தாலா, அல்லது வராமல் இருக்கமாட்டார் என்ற ஒன்றினாலா? எண்ணுவதற்கு நடுவிலும் அவளுக்கு அந்தக் கேள்வி ஓடியது. ஐம்பத்தெட்டு. அறுபது.

அறுபத்துமூன்றில் பெத்ரீனி நாயின் பக்கத்தில் போய் நின்றார். கைத்தடியால் புல்லை ஒரு தட்டுத் தட்டினார். காலடியிலிருந்து ஒரு காடை வெடித்ததுபோல எழுந்து வயலுக்கு மேலால் போய் மறைந்தது.

துவக்குச் சத்தம் வரவில்லை. நாய் அவரை அண்ணாந்து பார்த்தது. அவர் நாயைப் பார்த்தார். பிறகு அவருடைய முழங்கால்கள் மடங்கின. தில்லைநாயகி இடுப்பில் பிடித்து, சறுக்கவிட்டு, புல்லில் இருத்தினாள். ஒரு கீறல் இல்லை. பீனா வந்து அவருடைய முதுகில் தன் பாரத்தைச் சாய்த்துக்கொண்டது.

திரும்பி நடக்க அவரால் முடியவில்லை. சக்கர நாற்காலி புல்லுக்குள் உருளாது. கடைசியில் திருமதி ட்சவ்கின் மண் தள்ளும் வண்டிலில் மெத்தை ஒன்றைப் போட்டு ஏற்றினார்கள். வைத்தியர் தள்ளினார். கிழவர் கைத்தடியை மடியில் துவக்குப்போல் வைத்துக்கொண்டு இருந்தார்.

வீட்டுக்குள் வந்ததும் திருமதி எக்லி பத்திரத்தைப் பார்த்து இழுத்தாள். “போய் வரவேண்டும் என்று...”

வைத்தியர் கையைத் துடைத்துக்கொண்டார். “நாற்பது காலடி என்று கேட்டோம். இந்த அம்மா எத்தனை எண்ணினார்?”

“சிக்ஸ்டி த்ரீ,” என்றாள் தில்லைநாயகி, கார்லா ஆங்கிலத்தில் கேட்டதும்.

“அறுபத்துமூன்று. எந்தத் திசையில் நடந்தார் என்று பத்திரத்தில் கேள்வி இல்லை.” எழுதினார்: வீட்டில் இருக்கலாம், ஆறு மாதத்துக்குப் பிறகு மறுபடி பார்க்கவும். கார்லா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தில்லைநாயகிக்கு வேறொன்று தெரியவேண்டியிருந்தது. “டாக்டர், மணிக்கூடு பாத்தனீங்களோ? நாய் எவ்வளவு நேரம் நிண்டது?”

அது தமிழில் போய்விட்டது என்று உணர்ந்து, நாயையும் மணிக்கூட்டையும் காட்டினாள். அவர் பார்த்திருந்தார். பதினாலு நிமிடம்.

பின்னேரம் வண்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது திருமதி ட்சவ்க், கூடைக்குள் போய்வந்த நாளிலிருந்து அந்தக் கோழி முட்டை போடவில்லை என்று விரலை ஆட்டிக் காட்டினாள். தில்லைநாயகி கைகூப்பிவிட்டு வந்தாள். இனிக் கோழி தேவைப்படாது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அலுமாரிக்கு அடியிலிருந்து கிழவரின் வேட்டைச் சப்பாத்தை இழுத்தெடுத்தாள். செருப்போடு புல்லுக்குள் போனதால்தான் கால் இழுபட்டது. தோல் நல்லாக இருந்தது. கயிறுதான் பிரச்சினை, ஒற்றைக் கையால் கட்டமுடியாது. கயிற்றை உருவி எறிந்துவிட்டு, தையல் பெட்டியில் இருந்த அகல இலாஸ்டிக்கை வெட்டி, தடித்த ஊசியால் துளைக்குத் துளை கோத்துத் தைக்கத் தொடங்கினாள். பெத்ரீனி கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி கைதவறி விழுந்தது. அவள் குனிந்து தரையைத் தடவினாள்.

பீனா எழுந்து வந்து, தானும் மூக்கை வைத்துத் தேடியது.

“தள்ளு, குத்தப்போகுது,” என்றாள், தாழ்ந்த குரலில்.